‘வடக்கு அறை’யில் தினமும் இறந்தவருக்கு

என் அன்பு இஞ்சருங்கோ,

நீங்கள் இருந்தபோது உங்களை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘இஞ்சருங்கோ’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? உறையில் எழுத உங்களுக்கு விலாசமும் இல்லை. அதனால் இதை இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊரே வாசிக்கட்டும். நாடகக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதில் என்ன கூச்சம்?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ‘வடக்கு அறை’ மறுபடி மேடையேறியிருக்கிறது. உங்களோடு அந்த நாடகத்தில் வேலை செய்த மார்கரெட் இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தார். போனேனா, இல்லையா என்று இப்போதே கேட்காதீர்கள். அதற்கு முன் மற்றவற்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே. இங்கே லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் ஸ்ரேசனில் நின்ற சபாநாதன் என்றால்தான் பலருக்கு உங்களை அடையாளம் தெரிகிறது. செத்த வீட்டுக்கு வந்த ஒருவர், “நாடகமும் நடிச்சவராமே, கோயில் விழாவிலயோ?” என்று என்னிடம் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அது கோயில் விழா நாடகம் இல்லை. லண்டன் நகரின் நடுவே பெரிய அரங்கில் பல வருடங்கள் ஓடிய ஆங்கில மர்ம நாடகம்.

கதை இதுதான். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கடற்கரையில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பணக்காரக் கிழவி இறந்து சில வருடங்களுக்குப் பிறகு, அவளுக்கு வைத்தியம் பார்த்த இந்தியரான டொக்டர் மித்ரா அங்கே வருகிறார். கிழவி தானாகச் சாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டாரை எல்லாம் வடக்குப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறார். விளக்கு அணைகிறது. ஒரு அலறல். விளக்கு வரும்போது டொக்டர் கட்டிலில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறார். இடைவேளை. பிறகு இன்ஸ்பெக்டர் வருவார். பிணத்தை மூடிய துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவரைக் கடைசியாக உயிரோடு கண்டது யார்?” என்று தொடங்குவார். கேட்டுக் கேட்டே கடைசியில் கொலையாளியைப் பிடித்துவிடுவார். சனம் நிம்மதியாக ரெயில் ஏறி வீட்டுக்குப் போகும்.

முதலில் வட லண்டனில் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில்தான் அந்த நாடகம் நடந்ததாம். டொக்டர் மித்ராவாக நடித்தவர் முகத்தில் மண்ணிறம் பூசிய ஒரு வெள்ளைக்காரர். நாடகத்துக்கு நல்ல பேர் வந்து பெரிய அரங்குக்குப் போகும்போது, அந்த மண்ணிறம் சிலருக்கு உறுத்தியது. உண்மையான மண்ணிற மனிதர் ஒருவரைத் தேடினார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாங்கள் வந்து சேர்ந்த காலம் அது. கொழும்பில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வானொலி நாடகம் நடித்தவர் நீங்கள். இங்கே பின்னேர ஆங்கில வகுப்பில் படிப்பித்த பெண்தான், போய்ப் பாருங்கள் என்று உங்களை அனுப்பினார்.

அன்றைக்கு நீங்கள் திரும்பி வந்து சிரித்த சிரிப்பு! “நான் கதைச்ச இங்கிலீஷ் காணாதாம், திலகம். இன்னும் கொஞ்சம் இந்தியன் மாதிரிக் கதைக்கட்டாம். எனக்கென்ன தெரியும்? தமிழ்ப் படத்தில வாற சேட்டு மாதிரிக் கதைச்சன். டைரக்டர் எழும்பி நிண்டு கை குடுத்திட்டார்.”

அப்படித்தான் உங்களுக்கு ஒவ்வொரு நாளும் சாகிற உத்தியோகம் கிடைத்தது. காலையில் பெற்றோல் ஸ்ரேசன். பின்னேரம் நோர்தேர்ன் லைன் ரெயிலில் ஏறிப் போய் ஒரு சாவு. புதன், சனி என்றால் மெட்டினி என்கிற பகல் காட்சியும் சேர்த்து இரண்டு. ஒவ்வொரு வருடமும் மற்ற நடிகர்கள் மாறினார்கள். இன்ஸ்பெக்டர் மாறினார், கொலையாளி மாறினான், வீட்டுக்காரி மாறினாள். பிணம் மட்டும் மாறவில்லை. உங்கள் பேரைச் சுருக்கி ‘சாபா’ என்று கூப்பிட்டார்கள். மேடைப் பொறுப்பாளரான மார்கரெட் ஒருவர்தான் முழுப் பெயரையும் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகினார்.

பிணத்தைத் தூக்கிப் போன பிறகு உங்களுக்கு வேலை இல்லை. ஆனால் கடைசியில் எல்லோரும் வந்து குனிந்து வணங்கும்போது நீங்களும் நிற்க வேண்டும். அதுவரை கீழே உடுப்பு மாற்றும் அறையில் இருப்பீர்கள். அங்கே சுவரில் ஒரு ஒலிபெருக்கி. மேடையில் பேசுவது அதில் கேட்கும். இன்ஸ்பெக்டர் கேட்பதெல்லாம் அப்படித்தான் உங்கள் காதில் விழுந்தது. ஆரம்பத்தில் நீங்கள் அதைக் கவனித்ததாகவே சொல்லவில்லை.

பிறகுதான் குகனைக் கொண்டு போனார்கள்.

குகன் உங்கள் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் ரவுணுக்குச் சைக்கிளில் போனவனை ஆமி மறித்து ஏற்றியது என்று மட்டும்தான் தெரிந்தது. வவுனியாவில் இருந்து உங்கள் சித்தப்பா போன் எடுத்துச் சொன்னார். நீங்கள் ரிசீவரை வைத்தீர்கள். பிறகு கோட்டை எடுத்துப் போட்டீர்கள்.

“இண்டைக்குப் போகாதேங்கோ. மார்கரெட்டுக்கு நான் சொல்லிவிடுறன்.”

“போகாமல் இஞ்சை இருந்து நான் என்ன செய்ய, திலகம்?”

அன்றைக்கு இருட்டில் நீங்கள் போட்ட அலறல் வழக்கத்தைவிட நீண்டதாம். விளக்கு வந்த பிறகும் நிற்கவில்லையாம். என்ன செய்வதென்று தெரியாமல் கொலையாளி கயிற்றைப் பின்னால் ஒளித்தபடி நின்றானாம். சனம் கைதட்டியதாம். மார்கரெட் இதை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்துத்தான். நீங்கள் சொல்லவே இல்லை.

உங்கள் அம்மா, என் மாமி, ஊரில் ஆமி முகாம் முகாமாக ஏறி இறங்கினா. இங்கே இல்லை என்றார்கள். நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். பிறகு அப்படி ஒரு ஆள் இருந்தானா என்று கேட்டார்கள். நீங்களும் இங்கிருந்து எத்தனை பேருக்கு எழுதினீர்கள். பதில் வந்தால் மரியாதையான பதில். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் குளியலறைக்குள் இருந்து அந்தக் குரல் வரத் தொடங்கியது. முதல்நாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பயந்தே போனேன். “இவரைக் கடைசியாக உயிரோடு கண்டது ஆர்? எத்தனை மணிக்கு? எந்தப் பக்கத்தால போனவர்? நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?” ஆங்கிலத்திலும் கேட்டீர்கள், தமிழிலும் கேட்டீர்கள். இன்ஸ்பெக்டரின் பேச்சு முழுதும் உங்களுக்கு மனப்பாடம். கதவைத் தட்டி, என்ன இது என்று கேட்டேன்.

“அந்த நாடகத்தில ஒரு பிணம் விழுந்தால் கேக்க ஒரு மனுசன் வாறான், திலகம். அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். எங்கட பெடியனுக்கு ஒரு மனுசன் வரேல்லை.”

நீங்களே போய் இயக்குநரிடம் கேட்டீர்கள். இன்ஸ்பெக்டராக நடிப்பவர் வருத்தம் வந்து படுத்துவிட்டால் நடிக்க ஒரு மாற்று நடிகர் இருந்தார். அவருக்கும் ஏலாமல் போனால் நான் நிற்கிறேன் என்றீர்கள். இரண்டாவது மாற்றுக்கு ஒருநாளும் தேவை வராது என்ற எண்ணத்தில் அவரும் ஓம் என்றுவிட்டார். மார்கரெட் உங்களை வைத்து ஒத்திகை பார்த்தார். அவருடைய கை மயிர் சிலிர்த்ததாம்.

தேவை வந்தது. பனிக்காலத்தில் ஒரு புதன்கிழமை. இன்ஸ்பெக்டருக்கும் அவருடைய மாற்றுக்கும் ஒரே காய்ச்சல். காலையில் போன் வந்தது. நீங்கள் பேசிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றீர்கள். “இண்டைக்கு மெட்டினியில இன்ஸ்பெக்டர் நான்தான்” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சவரம் செய்த முகத்தை இன்னொரு தடவை சவரம் செய்யப் போனீர்கள். டொக்டராக நிற்க வேறு ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மகள் வாசுகியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அப்போது எங்கள் மேல்வீட்டில் இருந்த செல்வமக்காவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். நல்ல சாறி கட்டியிருந்தேன். குளிர் கால் வழியே ஏறியது. அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வாசலில் ஒரு பலகையில் துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. இன்று இன்ஸ்பெக்டராக நடிப்பவர் என்று போட்டு, கீழே உங்கள் முழுப் பெயர். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. மார்கரெட்டின் வேலையாகத்தான் இருக்கும். வாசுகி அதைத் தொட்டுப் பார்த்தாள். செல்வமக்கா, “உதில எங்கட தம்பியின்ர பேரோ போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் நின்றா.

திரை விலகமுன் ஒருவர் மேடைக்கு வந்து ஏதோ அறிவித்தார். இன்ஸ்பெக்டரின் பகுதியை இன்று இன்னார் கையில் பிரதியை வைத்து வாசிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு ஆங்கிலப் பெயர். எனக்குத்தான் காதில் பிழையாக விழுந்தது என்று நினைத்தேன். வாசுகி என் முகத்தைப் பார்த்தாள். நாடகம் தொடங்கியது. கதவைத் திறந்துகொண்டு டொக்டர் மித்ரா வந்தார்.

நீங்கள்.

செல்வமக்கா என் காதுக்குள், “ரெண்டு வேசமோ?” என்றா.

விளக்கு அணைந்தது. அலறினீர்கள். இடைவேளைக்குப் பிறகு கட்டிலில் துணியால் மூடிக் கிடந்தீர்கள். அலுவலகத்தில் வேலை செய்கிற இளைஞன் ஒருவன், தனக்கு அளவில்லாத மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, புத்தகமும் கையுமாக வந்தான். ஒரு கையால் துணியைத் தூக்கினான். மற்றக் கையில் இருந்த பக்கத்தைப் பார்த்து, “இவரைக் கடைசியாக...” என்று வாசித்தான். வரி தவறிவிட்டது. மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாசித்தான். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

நான் உங்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடுவது தெரியாமல் கிடப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அந்தத் துணி ஏறி இறங்கியது. அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லையா? எனக்கு மட்டுமா தெரிந்தது?

திரை விலகமுன், நீங்கள் மழைக்கோட்டைப் போட்டு மேடையோரம் வந்து நின்ற பிறகுதான் தயாரிப்பாளரிடம் இருந்து போன் வந்ததாம். கோர்ன்வோலில் இப்படி ஒரு இன்ஸ்பெக்டரைச் சனம் நம்பாது என்றாராம். கையில் புத்தகத்தோடு வருகிறவனை நம்புமாம். டொக்டராக நிற்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மார்கரெட் அழுதாராம். நீங்கள்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தீர்களாம். கோட்டைக் கழற்றி அந்தப் பெடியனுக்குப் போட்டுவிட்டதும் நீங்கள்தானாம்.

இரவுக் காட்சியும் முடியும்வரை நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வரும்போது ரெயிலில் செல்வமக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. “தம்பி, நீங்கள் வடிவாச் செத்தனியள்” என்றா. மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னா. நீங்கள் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். வாசுகியும் சேர்ந்து சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு குளியலறைக்குள் இருந்து அந்தக் குரல் வரவே இல்லை. வாசலில் நின்று காது கொடுத்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். ஏன் நாடகத்தை விட்டுவிடவில்லை என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். விட்டுவிட்டு? மேடையில் நிற்கத் தெரிந்த மனிதருக்கு அவர்கள் கொடுத்த ஒரே இடம் அந்தக் கட்டில்தான். அதையும் விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய அரங்கில் ஓட்டம் நின்ற பிறகு நாடகம் ஊர் ஊராகப் போனது. கடலோர ஊர்கள், பனிக்காலம், பாதி காலியான கதிரைகள். நீங்கள் தெருவோரப் போன் பெட்டியில் இருந்து எடுப்பீர்கள். “இஞ்சை ஒரே காத்து. பிள்ளை படுத்திட்டாளோ?” இவ்வளவுதான் கதை. பெட்டிக் கதவில் காற்று அடிக்கிற சத்தம்தான் கூடக் கேட்கும். ஒரு ஊரில் உங்களைக் கட்டிலோடு தூக்கும்போது கை நழுவிக் கீழே போட்டுவிட்டார்களாம். பிணம் கத்தக்கூடாது என்று நீங்கள் கத்தவில்லையாம். அந்த இடுப்புநோ கடைசிவரைக்கும் இருந்தது.

பிறகு அதுவும் நின்றது. சில வருடங்கள் ‘வடக்கு அறை’யை ஒருவரும் தொடவில்லை. போன வருடம் ஒரு புதிய இயக்குநர் அதை மறுபடி எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டு நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். அந்த இளைஞர் உங்களை இருக்கச் சொல்லி, கோப்பி கொடுத்து, மிகவும் தன்மையாகப் பேசினாராம். டொக்டர் மித்ரா என்ற பாத்திரம் உங்கள் மக்களுக்கு அவமரியாதை, ஒரு மண்ணிற மனிதர் வாய் திறக்கமுன் சாவதற்காகவே எழுதப்பட்டது, அதனால் அதை எடுத்துவிட்டோம் என்றாராம். இனிச் சாகப் போவது ஒரு ஆங்கிலேய வழக்கறிஞர்.

“சரியாத்தான் சொல்லுறான்” என்றீர்கள் வந்து. “முந்தி நான் கூடாது எண்டு மறிச்சவை. இப்ப மரியாதைக்காக மறிக்கினம்.” சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். பிறகு அந்த நாடகத்தின் பேரை நீங்கள் எடுத்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் கீழே இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு நேரமாகிறதே என்று கூப்பிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லையே எனக்கு? அத்தனை வருடம் அலறிச் செத்த மனிதர், உண்மையில் போகும்போது கூப்பிடக்கூட இல்லையே?

திடீர்ச் சாவு என்பதால் ஒரு பொலிஸ்காரர் வந்தார். சின்ன வயது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “உங்கள் கணவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எப்போது?” என்று கேட்டார். வாசுகிதான் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவர் பொறுமையாக எழுதினார். நெஞ்சடைப்பு என்று பிறகு கடிதம் வந்தது. உங்களுக்கு எல்லாம் முறையாக விசாரித்து முடித்தார்கள். குகனை நினைத்துத்தான் அன்றைக்கு நான் குழறி அழுதேன். உங்களுக்காக அழுகிறேன் என்று பிள்ளை நினைத்தாள்.

சரி, இப்போது கேளுங்கள். போனேன். புருசன் செத்து ஆறு மாதம் ஆகமுன் நாடகம் பார்க்கப் போகிறாள் என்று கதைத்தார்கள். கதைக்கட்டும். வாசுகியோடு போய் மூன்றாவது வரிசையில் இருந்தேன். வழக்கறிஞர் செத்தார். சும்மா செத்தார். இடைவேளைக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார்.

மண்ணிற முகம். எங்கள் பக்கத்துப் பிள்ளை போலத்தான் இருந்தான், லண்டனில் பிறந்திருப்பான். கையில் புத்தகம் இல்லை. துணியைத் தூக்கினான், கேட்டான். சனம் மூச்சு விடாமல் கேட்டது. கோர்ன்வோலில் இப்படி ஒரு இன்ஸ்பெக்டரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் நம்பினார்கள்.

நான் சந்தோசப்பட வேண்டும், இல்லையா? நீங்கள் என்றால் எழும்பி நின்று கைதட்டியிருப்பீர்கள். எனக்கு ஏலவில்லை. கை மடியில் இருந்து எழும்பவில்லை. அந்தப் பிள்ளையில் ஒரு கோபமும் இல்லை. ஆனால் கைதட்ட முடியவில்லை.

“நல்லாச் செய்யிறார், என்னம்மா?” என்றாள் வாசுகி. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்பா இதைவிட நல்லாச் செய்திருப்பாரா?”

“தெரியாது பிள்ளை” என்றேன். “ஒருத்தரும் பாக்கேல்லையே.”

அதுதான் உண்மை. மார்கரெட் கண்டது வெறும் ஒத்திகை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டதை நடிப்பு என்று சொல்லலாமா? நீங்கள் நல்ல நடிகரா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. இதை நினைத்தால் சில நாட்களில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன்.

இன்னொரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போனது மாமிக்கு இன்னும் தெரியாது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாளில் இருந்து வவுனியாவில் உங்கள் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறா. மனுசி தாங்காது, இப்போது சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாவும் மற்றவர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறா.

“சபா எங்கை பிள்ளை? ஒருக்கா அவனிட்டைக் குடுமன்.”

“வேலைக்குப் போட்டார் மாமி.”

“நாடகத்துக்கோ? இப்பவும் அந்த டொக்டர் வேசம்தானோ? நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.”

போன கிழமை குரலை மாற்றிக் கேட்டா. “அவனுக்கு என்னில ஏதும் கோவமோ, பிள்ளை? ஏன் என்னோட கதைக்கிறானில்லை?” நான் லைன் வெட்டுப்பட்டது போலப் போனை வைத்துவிட்டேன்.

இனி ஏலாது. இந்தக் கடிதம் அச்சில் வருமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போன் எடுத்துச் சொல்லப் போகிறேன். சித்தப்பா என்னைப் பேசினாலும் பேசட்டும். மாமி அந்த இடத்திலேயே விழுந்தால்? அந்தப் பயம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் என்ன நடந்தது, எப்படி நடந்தது, எங்கே எரித்தோம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு யார் யார் வந்தார்கள், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொல்லுவேன். அழுதால் அழுது முடியும்வரை போனை வைக்கமாட்டேன்.

குகனுக்காக அவ இன்னும், வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்கிறாவாம். உங்களுக்காகவும் அவவை அப்படி எழும்ப விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் அம்மாவின் மருமகள்,
உங்கள் திலகம்